ஆறு மாசக் கசிவு

“ஆறு மாசமாவே கசிவு இருந்துச்சு சார். கொஞ்சம் கொஞ்சமா,” என்றாள் அவள், கைகட்டி நின்றபடி.

எதிரே நாற்காலியில் இருந்தவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். “அப்படியா? ஆறு மாசமா என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?”

“அது வந்து... நான்தான் சார் அந்தக் குழாயை...”

“கெடுத்தியே காரியத்தை!” கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தான் அவள் கணவன். “இன்சூரன்ஸ் கம்பெனியோட நிஜ சர்வேயர் இன்னும் பத்து நிமிஷத்துல வந்துடுவார். கட்டின புருஷன்கிட்டயே உளறினா, அவர்கிட்ட என்னத்தைச் சொல்லுவே?”

நடந்தது இதுதான். போன வாரம் வீட்டிலிருந்த மூன்று பேரும் உறவுக்காரர் வீட்டுக்குக் கிளம்பிய காலையாகப் பார்த்துத் தெருவில் குழாய் பழுது. வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அவள் முகம் கழுவாமலும், மாமனார் சவரம் செய்யாமலும் காரில் ஏறினார்கள்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பினால், மாடிப்படியில் தண்ணீர் இறங்கி வந்து வரவேற்றது. கணவன் ஓடிப் போய் மாடிக் குளியலறைக் குழாயை மூடினான். அதற்குள் கூடத்து மரத்தரை பலகை பலகையாக முதுகைத் தூக்கிக்கொண்டு நின்றது.

அந்தக் கூடத்தில்தான் அவள் தையல் வகுப்பு நடத்தினாள். பன்னிரண்டு மெஷினும் இப்போது கார் ஷெட்டில். தரை நிமிர்ந்தால்தான் அவள் பிழைப்பு நிமிரும்.

முகம் கழுவக் குழாயைத் திறந்தது அவளுக்கு நினைவிருந்தது. தண்ணீர் வராததும் நினைவிருந்தது. மூடினாளா என்பதுதான், பாவம், தலைகீழாக நின்றும் நினைவுக்கு வரவில்லை. கணவன் காதில் மட்டும் போட்டு வைத்தாள்.

“கவனக்குறைவுன்னு தெரிஞ்சா கம்பெனிக்காரன் கையை விரிச்சுடுவான். அப்பா காதுக்குப் போச்சுன்னா அதைவிட மோசம். பைப் கசிவுன்னே சொல்லிடுவோம்,” என்றான் அவன்.

மாமனார் ஆலையில் முப்பது வருஷம் பாதுகாப்பு அதிகாரி. சொந்தபந்தத்தில் அவர் பெயரே ‘சேஃப்டி’தான். கேஸ், ஜன்னல், பூட்டு என்று மூன்று சுற்றுச் சுற்றாமல் வாசல் தாண்ட மாட்டார். ஒரு தடவை அவள் அயர்ன் பாக்ஸை அணைக்க மறந்ததற்கு மூன்று நாள் வகுப்பெடுத்தார்.

வாசல் மணி அடித்தது. சர்வேயர் தொப்பையும் டார்ச்சுமாக உள்ளே வந்தார். பலகைகளைத் தட்டினார், சுவரைத் தடவினார், மாடிக்குப் போய் மூச்சு வாங்க இறங்கினார். மாமனார் மூலையில் செய்தித்தாளுக்குள் இருந்தார்.

“சொல்லுங்கம்மா, எப்படி ஆச்சு?”

“ஆறு மாசமாவே கசிவு இருந்துச்சு சார். கொஞ்சம் கொஞ்சமா.” இந்தத் தடவை ஒரு எழுத்து பிசகவில்லை. கணவன் முகம் பூத்தது.

சர்வேயர் பேனாவை மூடினார். “அப்போ ஒண்ணும் கிடைக்காதும்மா.”

“ஏன் சார்?”

“கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சா அது பராமரிப்பு. நீங்களே பார்த்துச் சரிபண்ணியிருக்கணும். உங்க பாலிசியில அது சேராது. திடீர்னு பைப் வெடிச்சாலோ, குழாயை மூட மறந்து வழிஞ்சாலோதான் சேரும்.”

“மறந்தாக்கூடவா?”

“மனுஷன் மறக்கவே மாட்டான்னா எங்களுக்கு ஏதும்மா வேலை?”

கணவன் முகத்தில் ஈயாடவில்லை. சர்வேயர் டார்ச் வெளிச்சத்தைச் சுவரில் அடித்தார். “ஆறு மாசக் கசிவுன்னா இங்க பூஞ்சை கறுத்துக் கிடக்கணும். இது நேத்து வெள்ளையடிச்ச மாதிரி பளிச்சுனு நிக்குது. உள்ளதைச் சொல்லுங்கம்மா, நான் எழுதறேன்.”

அவள் மூலையைப் பார்த்தாள். செய்தித்தாள் அசையவில்லை. தரையைப் பார்த்தாள். வருவது வரட்டும்.

“கிளம்பற அன்னிக்குக் குழாயைத் திறந்தேன் சார். தண்ணி வரலை. மூடினேனா இல்லையான்னு ஞாபகமே இல்லை.”

“ஞாபகம் இல்லைன்னு எப்படிம்மா எழுதுறது? மூடாம விட்டது யாருன்னு ஒருத்தர் உறுதியாச் சொல்லிக் கையெழுத்துப் போடணும்.”

செய்தித்தாள் மடங்கியது. மாமனார் எழுந்தார், தொண்டையைக் கனைத்தார். அயர்ன் பாக்ஸுக்கே மூன்று நாள் என்றால், இதற்கு மூன்று மாசம். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் அவளைத் தாண்டி நடந்தார். சர்வேயர் எதிரே போய்ப் பேனாவுக்குக் கை நீட்டினார்.

“மருமக மூடிட்டுத்தான் சார் போனா. அப்புறம் சவரத்துக்குத் திறந்தது நான்.”