ரதிக்கு மீசை இல்லை

காலைப் பெரட்டில் பேர் கொடுத்தவர்கள் வேலைக்கு மலையேறிவிட்டார்கள். லயத்து வரிசை வீட்டு வாசலில் இப்போதுதான் வெயில் விழுகிறது. பழனியாண்டி பலகையில் உட்கார்ந்து, முகத்தில் சவர்க்கார நுரை பூசியிருக்கிறார். மனைவி காளியாயி ரசம் போன கண்ணாடியைப் பிடித்திருக்கிறாள். எதிரே கங்காணி குடையை ஊன்றி நிற்கிறார். வயதாகிவிட்டதென்று போன மாதம் பழனியாண்டியின் பேரை வெட்டிய தோட்டம், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்ட ஆள் போதாமல் இன்று கூப்பிட்டனுப்பியிருக்கிறது. பழனியாண்டி கத்தியால் கன்னத்தை மழித்துக்கொண்டே சொல்கிறார்: “எனக்கு எங்கங்க நேரம்? நாளைக்குப் பேத்திக்குக் காது குத்து. மறுநாள் அவரைக்குப் பந்தல் போடணும். ஞாயித்துக்கெழமை கொட்டகலைக்கு மக வீட்டுக்குப் போறோம். பொழுது சாஞ்சா காமன் கூத்து ஒத்திகை. இந்த வருசம் நான்தான் ரதி.” கங்காணி சிரிக்கவில்லை. “வரலேன்னா ஒங்க அவரைப் பாத்தியத் தோட்டத்து நெலம்னு தொரை புடுங்கிருவாரு.” கத்தி நிற்கிறது. காளியாயி சட்டென்று கங்காணி பக்கம் திரும்ப, கண்ணாடியிலிருந்து வெயில் தெறித்துக் கங்காணியின் கண்ணைக் கூசவைக்கிறது. “ஆட்டாமப் புடி, புள்ள.” கல்யாண நாளிலிருந்து முறுக்கி வந்த மீசை நுரையோடு தரையில் விழுகிறது. பழனியாண்டி வழுவழுத்த மேலுதட்டைத் தடவிக்கொண்டே நிமிர்கிறார். “தொரைகிட்ட சொல்லுங்க. பௌர்ணமிக்கு எம் புருசன் மன்மதன எரிக்கப் போறாங்க. நான் ஒக்காந்து அழணும். வேலைக்கு வர முடியாது.”