காபிக்கு ஒரு பாடவேளை

வேதியியலோடு வரலாற்றைக் கலந்தால் நாகரிகமே அழிந்துவிடும் என்பது அம்மான் நகரப் பள்ளி வேதியியல் ஆசிரியர் நவ்ஃபலின் முடிவான கருத்து.

"காபியின் வேதியியலும் வரலாறும்னு ஒரு விருப்பப்பாடமாம்! பழைய வழக்கப்படி, விருந்தாளி காபியைக் குடிக்காம கீழே வச்சா, அவர் கேக்கிறதை வீட்டுக்காரர் கொடுத்தே ஆகணுமாம். இந்தக் கூத்தையெல்லாம் நான் நடத்தணுமா?" என்று வகுப்பில் பொரிந்தார்.

"விடுங்க உஸ்தாத்," என்றாள் மாணவி லுஜைன். "கொட்டையை வறுத்ததும் மணம் எங்கிருந்து வருது?"

மணத்தின் வேதியியலில் தொடங்கி காபியின் வரலாறுவரை, கரும்பலகை நிரம்பும்வரை நவ்ஃபல் விளக்கினார். மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை.

"உஸ்தாத், நீங்க நடத்தினது அந்தப் பாடம்தான்!" என்றாள் லுஜைன். வகுப்பே கைதட்டியது. "ஆனா உங்க பேச்சைக் கேட்டு இன்னைக்கு அதை ரத்து பண்றாங்களாம்!"

நவ்ஃபல் தலைமையாசிரியை இல்ஹாமின் அறைக்கு ஓடினார்.

"வாங்க, வாங்க! நீங்க சொன்னபடியே அந்தப் பாடத்தை எடுத்துடறேன். சந்தோஷமா காபி குடிங்க."

நவ்ஃபல் கோப்பையை வாங்கி, வாயருகே கொண்டுபோகாமல், சத்தமில்லாமல் மேசைமேல் வைத்தார்.