பின்னாடி தெரியக் கூடாது

"பாய், பின்னாடி கீறது எதுவும் தெரியாம போட்டோ எடுக்குற செல்போனு ஒண்ணு குடு."

உத்திரமேரூர் பஜாரில் போட்டோ ஸ்டுடியோவோடு செல்போன் கடையும் நடத்தும் மக்பூல் பாய் நிமிர்ந்து பார்த்தார். பச்சமுத்து! மகன் தினகரன் துபாய்க்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது.

"கேமரா போனு வந்ததுலேர்ந்து எல்லாரும் எத்தினி மெகா பிக்சல்னுதான் கேக்குறாங்க. நீ இன்னா நைனா, தலைகீழா கேக்குற?"

"புள்ளைக்கு அனுப்பணும் பாய். எங்க மூஞ்சி தெரிஞ்சா போதும். வூடு வாசல் தெரியவே கூடாது."

மக்பூல் பாய்க்குச் சுருக்கென்றது. அடப் பாவி மனுஷா! அவரும் ஆறு வருஷம் துபாயில் உழைத்துவிட்டு வந்தவர்தான். பிள்ளை அங்கே வெயிலில் காய, இங்கே மாடி எழுப்பிக்கொண்டு, 'ஒண்ணும் இல்லப்பா' என்று மூக்கால் அழுகிற அப்பாக்களை அவருக்குத் தெரியாதா?

"போன்ல அது நடக்காது. லென்ஸ் கடுகாட்டம் கீது. முன்னாடி பின்னாடி எல்லாம் பளிச்சுனு வந்துடும். என் பெரிய கேமராதான் சரி. லென்ஸ் ஓட்டைக்கு நம்பர் போட்டுக் கீது பாரு, 1.8லேர்ந்து பதினாறு வரைக்கும்."

"பெரிய நம்பராவே வச்சு எடு பாய்."

"அங்கதான் எல்லாரும் ஏமார்றது! நம்பர் சின்னதானாதான் ஓட்டை பெருசு. அப்பதான் பின்னாடி கலங்கும். பதினாறுல வச்சா உன் வூட்டுச் செங்கல்ல ஒண்ணொண்ணா எண்ணலாம்."

பச்சமுத்துவின் முகம் சுண்டிப்போனது.

"ஐயோ, வேணாம் பாய். சின்ன நம்பரே வச்சுக்க."

மாடியை ஒரு கை பார்த்துவிடுவது என்றே மறுநாள் காலை மொபெட்டில் போய் இறங்கினார் மக்பூல் பாய்.

மாடியாவது, ஒன்றாவது! போன மாச மழையில் பாதிச் சுவர் சரிந்து கிடந்தது. கூரைமேல் நீல பிளாஸ்டிக் தாள். வாசலில் மனைவி பவளத்தை நாற்காலியில் உட்கார வைத்து, கட்டுப் போட்ட காலைப் புடவையால் மூடிக்கொண்டிருந்தார் பச்சமுத்து.

"சுவரு இவ கால் மேல சாஞ்சிடுச்சு பாய். அவனுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே வேலைய வுட்டுட்டு ஓடியாந்துடுவான்."

"வரட்டுமே நைனா."

"வந்தா நல்லாதான் இருக்கும்" என்றாள் பவளம். "பஸ் சத்தம் கேட்டாலே தெருவதான் பாக்குறேன். ஆனா புள்ள அங்க சௌக்கியமா கீறான். நாம கெடுக்கக் கூடாது பாருங்க."

மக்பூல் பாய் கேமராவை 1.8இல் வைத்தார். இடிந்த சுவரும் பிளாஸ்டிக் தாளும் சிவப்பும் நீலமுமாகக் கரைந்துபோயின. அந்த நேரத்தில் எப்படித்தான் சிரித்தாளோ, பவளத்தின் சிரிப்பு மட்டும் பளிச்சென்று விழுந்தது.

"இத மாரிதான வரும்?" சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார் பச்சமுத்து. "புள்ள போன வாரம் அனுப்பினான். அவன் தங்கியிருக்குற எடத்துல பெரிய பார்க்காம். பின்னாடி எம்மாம் பூவு பாரு! இத்தப் பாத்துதான் எனக்கே யோசனை வந்துச்சு."

தினகரன் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் கலங்கிய வண்ணத் திட்டுகள், மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை.

மக்பூல் பாய்க்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. பூவாவது! இரும்புக் கட்டில் மேல் இரும்புக் கட்டில். கம்பியெல்லாம் காயப்போட்ட சட்டைகள். இருபது பேர் அடைந்து கிடக்கிற அப்படியொரு அறையில்தான் அவரும் ஆறு வருஷம் படுத்து எழுந்தார்.

"அது இன்னா பூவு பாய்?" என்று ஆசையாகக் கேட்டாள் பவளம்.

மக்பூல் பாய் படத்தை அவளிடம் நீட்டினார்.

"காகிதப் பூம்மா. அங்க வருஷம் பூரா பூத்துக்கினே இருக்கும்."