வளையல் தட்டு

ஸ்டூடியோ வாசலில் ஆட்டோ நிற்பதற்குள் இறங்கிவிட்டாள்.

செருப்பு ஒன்று வண்டியிலேயே கிடந்தது. ஓட்டுநர் கூப்பிட்டு நீட்டினார்.

அரை மணி நேரத்துக்கு முன்புதான் பீரோவில் வீடியோ கேசட் இல்லை என்று தெரிந்தது.

“அப்பாவப் பாக்கணும் போல இருந்துச்சும்மா. சிடி போடக் குடுத்திருக்கேன்” என்றாள் மகள். ஏழாம் மாதம். வியாழக்கிழமை வளைகாப்பு.

அந்தக் கேசட்டும் வளைகாப்புதான். அவளுடையது. வயிற்றில் இந்த மகள்.

அன்று கேமராக்காரர் சாப்பிடப் போகும்போது கேமராவை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். நிறுத்த மறந்துவிட்டார். நான்கு நிமிடம், படத்தில் ஒரு வளையல் தட்டு மட்டும்.

கூடவே அவள் குரல். அக்காவிடம்.

“எனக்கு இந்தப் புள்ள வேண்டாம்க்கா. செத்துப் பொறந்தாக்கூட அழ மாட்டேன்.”

அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது.

எரித்திருக்கலாம். ஆனால் மகளின் இரண்டு வயதில் இறந்துபோன மனுஷர் நடப்பதும் சிரிப்பதும் அந்த ஒரு கேசட்டில்தான். வீட்டு வீடியோ டெக் பழுதானபோது அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

ஸ்டூடியோக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, எங்க வளைகாப்பு கேசட்டு… சத்தமில்லாம ஏத்த முடியுமா?”



அவர் சிரித்தார்.

“என்னக்கா, நீங்களும் இதையே கேக்கீய? சத்தமில்லாம வளைகாப்பு போட்டா வளையலுக்கே கோவம் வந்துரும்லா.”

“நானுமா?”

“உங்க மவதான் சொன்னாவ. நேத்து முழுக் கேசட்டும் பாத்தாவ. ஹெட்போன மாட்டிட்டு, இந்தா இந்த ஸ்டூல்லதான். மாசமா இருக்கிற புள்ள, சேருல உக்காருங்கன்னா கேக்கல. போவும்போது, படம் மட்டும் போதும் அண்ணாச்சி, அம்மாவும் பாக்கணும்லான்னுட்டுப் போனாவ.”

உறையில் போட்ட சிடியை அவள் கையில் வைத்தார்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

நேற்று மாலை வெளியே போய்விட்டு வந்த மகள், தலை பின்னிவிடச் சொன்னாள். கல்யாணத்துக்குப் பிறகு கேட்டதே இல்லை.

முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

பின்னி முடித்து ரிப்பன் கட்டிய பிறகும் வெகு நேரம் திரும்பவில்லை.