சபாஷ்

“சத்தத்தை வெச்சே எப்படிம்மா கண்டுபிடிச்சே?” என்று கார்க்காரர் என்னைக் கேட்டார்.

நேற்று எங்கள் பட்டறையில் சர்வீஸ் முடித்துக் கொண்டுபோன கார். நிற்கும்போது இன்ஜின் ஏறி இறங்கி உதறுகிறது என்று இன்று திரும்பி வந்தது. அப்பா பிளக்கை மாற்றியும் சரியாகவில்லை. நான் குனிந்து, கழன்று கிடந்த சின்ன ரப்பர் குழாயைச் செருகினேன். உதறல் நின்றது.

“காத்து இழுத்திருக்குப்பா.”

“படிப்பை விட்டாலும் புள்ள கெட்டிக்காரி!” என்றார் கார்க்காரர்.

அப்பா என் தாய்மாமா பக்கம் திரும்பினார். சர்வீஸ் செய்தது அவர்தான்.

“இருபது வருஷ மெக்கானிக்கு! ஒரு குழாய மாட்டத் துப்பில்ல. நாளைலேருந்து வராத மாப்ளே.”

மாமா என்னைப் பார்த்தார்.

நேற்று அவர் வேலையை முடித்து, ஓட்டிப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனார். அழுக்காக இருக்கிறதே என்று அந்தக் குழாயைத் துடைக்கக் கழற்றியவள் நான். மாட்ட மறந்துவிட்டேன். திரும்பி வந்து பானெட்டை மூடிய மாமா, என் கையில் துணியைப் பார்த்திருந்தார்.

சொல்ல வாயெடுத்தேன்.

“என் பொண்ணுடா!” என்று அப்பா என் தோளைத் தட்டினார். முதல் தடவை.

வாயை மூடிக்கொண்டேன்.

மாமா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தார்.