பதினான்கு நிறுத்தம்

மூன்று நாள் பயணத்தில் பதினான்கு நிறுத்தம் என்று ரெஜான் சொன்னதும் சமையலறையில் சிரிப்பு வெடித்தது.

மேசை முழுவதும் மோட்டார் பனிவண்டிக் கிளப்பின் பாதை வரைபடம். மூலைகள் சுருளாமலிருக்க நான்கு காபிக் கோப்பைகள். ரெஜான் எதையும் காதில் வாங்காமல் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டே போனார்.

"முன்னூத்திப் பத்து கிலோமீட்டருக்குப் பதினாலு எடத்துல நிக்கணுமா? நீ வண்டி ஓட்டப் போறியா, சூப் குடிக்கப் போறியா?" என்று கேட்டாள் அவர் மனைவி கிஸ்லேன். முப்பத்தெட்டு வருஷம் அவரோடு குடித்தனம் நடத்தியவள், கேட்க உரிமை உண்டு.

"ரெண்டுக்கும்தான்" என்றார் ரெஜான்.

கனடாவின் கஸ்பேசிப் பகுதியில் பனிப்பாதையோரக் குடில்களில் நாளெல்லாம் விறகடுப்பு எரியும், பட்டாணி சூப் கொதிக்கும். ஆனால் அதற்காக யாரும் நிற்பதில்லை. நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை, பெட்ரோல் போட நிற்பார்கள். அதற்கு முன்னால் நிற்பவனைப் பற்றி அடுத்த குளிர்காலம் வரை பேசுவார்கள்.

மேசையின் மறுமுனையில், போட்டிருந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார் கிஸ்லேனின் அண்ணன் நோர்மான். முப்பது வருஷமாக இந்தப் பயணத்தில் முதல் வண்டி அவருடையதுதான். இந்த வருஷம் வரவில்லை என்று சொல்லிவிட்டார். இடுப்பு வலியாம். சும்மா வேடிக்கை பார்க்க வந்திருந்தார்.

நோர்மான் இல்லாத பயணம் ரெஜானுக்கு வேண்டவே வேண்டாம். வாய்விட்டு அதைச் சொல்லவும் முடியாது. சொன்னால் நோர்மான் கேலி செய்தே ஆளைக் கொன்றுவிடுவார்.

"முதல் நிறுத்தம், இருபத்திரெண்டாவது கிலோமீட்டர். பாலத்துக் குடில். அங்க டோனட் நல்லா இருக்கும்."

"அடுத்தது?"

"நாப்பதுல. அந்தம்மா கையால பின்னின சாக்ஸ் விக்கிறாங்க."

"உனக்கு எதுக்கு சாக்ஸு?"

"கால் இருக்கே."

ஒன்பதாவது குடிலில், சுவரில் மாட்டிய மான் தலையைப் பார்க்க வேண்டுமாம். பதினோராவதுக்கு வந்தபோது ரெஜானிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது.

"அங்க ஒரு பெஞ்சு இருக்கு" என்றார்.

நோர்மான் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"அது வயிறா மச்சான், இல்ல கோணிச் சாக்கா?"

"வயசாகுதுல்ல. முன்ன மாதிரி பசி தாங்க மாட்டேங்குது."

சிரிப்பு அடங்கிய பிறகும் நோர்மானின் விரல் வரைபடத்தின் மேலேயே இருந்தது. ஒரு வட்டத்திலிருந்து அடுத்த வட்டத்துக்கு மெதுவாக நகர்ந்தது. முதல் நாள் முழுவதையும் அப்படியே கடந்தது.

"இந்த ஆளைத் தனியா விட்டா ஏதாவது சூப் சட்டியில விழுந்து கிடப்பான்" என்றார் கடைசியில். "நானும் வந்து தொலைக்கிறேன்."

"உன் இடுப்பு என்ன ஆச்சுண்ணா?" என்றாள் கிஸ்லேன்.

"இப்படி நின்னு நின்னு போனா தாங்கும்."

ரெஜான் தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். ஏற்கெனவே கூராக இருந்த பென்சிலை எடுத்து மறுபடி சீவத் தொடங்கினார்.

கூட வரும் இரண்டு குடும்பத்துக்கும் செய்தி சொல்ல கிஸ்லேன் பக்கத்து அறையில் தொலைபேசியை எடுத்தாள். அண்ணன் வருகிற சேதியை ஒரு வரியில் முடித்துவிட்டுப் புருஷனின் வயிற்றைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினாள். மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

வாசலில் நோர்மான் குனிந்து பூட்ஸ் மாட்டினார். நிமிராமலே, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ரெண்டாவது நாள், மரம் அறுக்கிற மில்லுக்கு அப்புறம் நாப்பத்தெட்டு கிலோமீட்டருக்கு ஒரு குடிலும் இல்லையே. உன் வயிறு தாங்குமா?"

"நடுவுல ஊசியிலை மரங்க அடர்த்தியா நிக்குது. ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டு வந்தேன். உள்ள ஆள் நின்னாலும் பாதையிலேர்ந்து தெரியாது."

பூட்ஸ் கயிற்றில் நோர்மானின் கை நின்றுவிட்டது.

அக்டோபரில், பக்கத்து ஊர் மருந்துக்கடையில், பெரியவர்கள் கட்டும் டயப்பர் பொட்டலம் ஒன்றைக் கோட்டுக்குள் மறைத்தபடி கல்லாவுக்கும் வாசலுக்குமாக நோர்மான் தவித்துக்கொண்டிருந்ததை ரெஜான் அலமாரி இடுக்கு வழியாகப் பார்த்திருந்தார். பார்த்த கையோடு, வாங்க வந்த இருமல் மருந்தைக்கூட வாங்காமல் பின்வாசல் வழியே நழுவிவிட்டார். இது நோர்மானுக்கு இத்தனை நாள் தெரியாது.

நோர்மான் கயிற்றைக் கட்டி முடித்தார். அவசரமில்லாமல் எழுந்தார். ரெஜானின் தோளில் ஒரு அடி வைத்தார். வலிக்கிற மாதிரியே வைத்தார்.

"அங்கயும் ஒண்ணு போட்டுக்கடா, தின்னிப் பண்டாரம்" என்று தங்கைக்குக் கேட்கும்படி கத்திவிட்டுப் படியிறங்கினார்.

ரெஜான் உள்ளே வந்து, வெறும் காட்டுக்கு நடுவே பதினைந்தாவது வட்டத்தைப் போட்டார்.

தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு கிஸ்லேன் எட்டிப் பார்த்தாள். "அங்க என்ன கிடைக்கும்?"

"காத்து நல்லா இருக்கும்" என்றார் ரெஜான்.