துண்டில் வந்த பாட்டு

கொட்டாஞ்சேனை மாதா கோயில் திருநாள் மேடையில் ஐறீன் நாற்பது வருடமாகப் பாடுகிறாள். பாட்டுக் கேட்டுச் சனம் எழுதி அனுப்பும் துண்டுச் சீட்டு எதையும் அவள் தட்டியதில்லை. இம்முறை தொண்டை கட்டியிருந்தது. இதுவே கடைசி மேடை என்று மனதுக்குள் முடிவெடுத்திருந்தாள்.

அப்போது ஒரு துண்டு வந்தது. முந்தின நாள் அவள் இரண்டே வரி எழுதி, ஒருவருக்கும் காட்டாமல் வைத்திருந்த பாட்டின் முதல் வரி அதில் இருந்தது.

"இதென்ன பாட்டு அக்கா? நாங்கள் வாசிச்சதில்லையே," என்றான் கிற்றார்க்கார ஒஸ்வால்ட்.

"நானும் பாடினதில்லை. ஆரோ ஆசையாக் கேட்டிருக்கினம். ஜி மேஜர் பிடி, மிச்சத்தை ஆண்டவர் பார்ப்பார்."

முதல் வரி பாடினாள். இரண்டாவதில் குரல் உடைந்தது. கூட்டம் முழுவதும் அந்த வரியைப் பிசகாமல் பாடி முடித்தது.

மூன்றாவது வரியை அவள் இன்னும் எழுதவேயில்லை. அதையும் அவர்கள் பாடினார்கள். ஐறீன் சிரித்துக்கொண்டே அவர்களோடு சேர்ந்து பாடினாள்.